மிதிங்க அத்தை

என் ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்பதை என் மாமியார் ரயில் அறிவிப்பு மாதிரிதான் சொல்லுவார். பெரிய ரயில் நிலையம் ஒன்றில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். குரல் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பேசியைக் கண்ணுக்குத் தூரமாகப் பிடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "கனிவான கவனத்திற்கு. காலைச் சாப்பாட்டுக்குப் பிறகான அளவு நூற்று இருபத்தெட்டு. தற்சமயம் ஏறுமுகமாக உள்ளது" என்பார். சமையலறையில் நிற்கும் எனக்கும் கேட்கும், மாடி வீட்டுக்காரருக்கும் கேட்கும். அந்த மனிதர் ஒரு நாள் படிக்கட்டில் என்னை நிறுத்தி, "நேத்து மத்தியானம் கொஞ்சம் கூடிப்போச்சாமே, பார்த்து சாப்பிடும்மா" என்றார். அதுவரை அவருக்கும் எனக்கும் குப்பைத் தொட்டி விஷயமாக மட்டும்தான் பேச்சுவார்த்தை இருந்தது.

எனக்குக் கர்ப்பத்தில் வந்த சர்க்கரை. வயிறு நன்றாகத் தெரிய ஆரம்பித்த பிறகு செய்த சோதனையில் பிடிபட்டது. மருத்துவமனையில் என் மேல்கையின் பின்பக்கம் நாணயம் அளவில் ஒரு வில்லையை ஒட்டினார்கள். அதன் அடியில் மயிரிழை மாதிரி ஒன்று தோலுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. அது அளந்து சொல்வதை வில்லை என் கைப்பேசிக்கு அனுப்பும், கைப்பேசி மருத்துவமனைக்கு அனுப்பும். "வாராவாரம் இங்க வந்து வரிசையில உட்கார வேண்டாம் அக்கா, நாங்க இருந்த இடத்துலேர்ந்தே பார்த்துக்கறோம்" என்றாள் நர்ஸ். நல்ல பெண். ஆனால் போகிற போக்கில் இன்னொன்றும் சொல்லிவிட்டாள். "வீட்டுல யாராவது பார்க்கணும்னா அவங்க போன்லயும் போட்டுக்கலாம்." அதோடு என் சர்க்கரை குடும்பச் சொத்தாகிவிட்டது.

என் வீட்டுக்காரருக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை. நடுக்கடலில் சிக்னல் கிடையாது. துறைமுகம் நெருங்கும்போது என் பழைய அலாரங்கள் எல்லாம் மொத்தமாகப் போய் அவர் தலையில் விழும். "என்னடி இது, இவ்வளவு இறங்கியிருக்கு, நல்லா இருக்கியா இல்லையா?" என்று அலறியடித்துக்கொண்டு கூப்பிடுவார். "அது போன வாரம்ங்க. நடுவுல எவ்வளவோ தடவை சாப்பிட்டாச்சு. நீங்க போய் எஞ்சினைப் பாருங்க" என்பேன். வேறு ஊரில் இருக்கும் என் அம்மாவும் போட்டுக்கொண்டாள். அலாரம் அடித்தால் அவள் என்னைக் கூப்பிட மாட்டாள், மாமியாரைத்தான் கூப்பிடுவாள். "என் பொண்ணுக்கு நேரா நேரத்துக்கு சாப்பாடு கிடைக்குதா சம்பந்தி?" என்பாள். "கிடைக்குது சம்பந்தி. கிடைச்சதுதான் இப்ப ஏறிட்டிருக்கு" என்பார் மாமியார். பிறகு இரண்டு பேரும் வெகுநேரம் சிரித்துப் பேசிக்கொள்வார்கள், நான் பட்டினியாக நடந்துகொண்டிருப்பேன்.

சாப்பாட்டைக் குறைத்தேன். சாப்பிட்ட பிறகு நடந்தேன். நான் அடங்கினாலும் சர்க்கரைக்கு அடங்கத் தெரியவில்லை. இன்சுலின் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். அது ஒன்றும் பெரிய கஷ்டமாக இல்லை, ஊசி கொசுக்கடி அளவுதான். இன்சுலின் போட ஆரம்பித்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடக்கூடும், அதனால்தான் இறங்கினால் அலாரம் அடிக்கும்படி வைத்திருக்கிறோம் என்றார்கள். இது வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. மாமியார் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்ட அன்றுதான் எனக்குச் சனி பிடித்தது.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பதுதான் என் தொழில். பெண்களுக்கு மட்டும் சொல்லிக்கொடுக்கிறேன். என் வாய் ஊரறிந்தது. வக்கீலாக இருந்தாலும், பல் டாக்டராக இருந்தாலும், எனக்கு இரண்டு மடங்கு வயதானவராக இருந்தாலும், ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் ஒருமைதான். "கிளட்ச்சை விடு. விடுன்னா விடு. எங்க பார்க்கிற, ரோட்டைப் பாரு." வண்டிக்குள் மரியாதை கிடையாது, இறங்கின பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளுங்கள் என்று முதல் நாளே சொல்லிவிடுவேன். என் வாய்க்குப் பயந்தே பாதிப் பேர் முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கிவிடுவார்கள்.

மாமியாருக்கு வந்தது நியாயமான கவலைதான். "வலி எடுத்தா உன்னை யார் கூட்டிட்டுப் போறது? அவன் கடல்ல இருப்பான். நீயே ஓட்டிட்டுப் போக முடியாது."

"வாடகைக் கார் கூப்பிட்டுக்கலாம் அத்தை."

"வரேன் வரேன்னு சொல்லிட்டு அது நின்ன இடத்துலயே நிக்கும். தாமதத்துக்கு வருந்துகிறோம்னு காலம் பூரா சொன்னவ நான். எனக்குத் தெரியாதா? நானே ஓட்டக் கத்துக்கறேன்."

என் பயிற்சி வண்டியில் என் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். அதில் கற்றுக்கொடுக்கலாம் என்றேன். தலையில் பலகை வைத்த வண்டியில் ஏற மாட்டேன், கூட வேலை பார்த்தவர்கள் யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று மறுத்துவிட்டார். அதுவும் ஆஸ்பத்திரிக்குப் போகப்போவது வீட்டுக் காரில்தானே, அதிலேயே பழகிவிட்டால் ஆகாதா? ஆகும். ஆனால் வீட்டுக் காரில் என் காலுக்குக் கீழே இருந்தது வெறும் மிதியடி.

தினமும் சாயங்காலம், கிடங்குகள் இருக்கும் அகலமான தெருக்களில் பாடம் நடந்தது. மாமியார் பயப்படுகிற ரகம் இல்லை. அதுதான் பிரச்சினை. இருக்கையை முன்னால் இழுத்து, கண்ணாடியைச் சரிசெய்து, முதுகை நிமிர்த்தி, "வண்டி புறப்படத் தயாராக உள்ளது" என்பார். புறப்பட்டும் விடும். திருப்பத்தில் இண்டிகேட்டர் போடச் சொன்னால், "எதுக்கு, நான்தான் வாயால சொல்றேனே" என்பார். "வண்டி இடப்பக்கம் திரும்ப உள்ளது" என்று கார் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே அறிவித்தால், பின்னால் வரும் பஸ்காரனுக்கு அது எப்படிக் கேட்கும்? கேட்காது. அவன் ஹாரன் அடிப்பான். "என்ன அவசரம் இவங்களுக்கு" என்பார் மாமியார்.

எனக்கு ஒரு விஷயம் அப்போதுதான் புரிந்தது. மரியாதை என்பது மெதுவானது. "மிதி" என்று சொல்ல ஒரு நொடிகூட வேண்டாம். "பிரேக்கை மிதிங்க அத்தை" என்று சொல்லி முடிப்பதற்குள் கார் யாரோ ஒருவரின் வாசல் வரைக்கும் போய்விடும். சரி, சுருக்குவோம் என்று "மிதிங்க" என்றால், அந்த "ங்க"விலேயே ஒரு சாவகாசம் இருக்கிறது. விருந்தாளியை உட்காருங்க என்று சொல்வது மாதிரி. மாமியாரும் அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டார். "மிதிக்கறேன்மா, எங்க ஓடிடப் போகுது" என்று சாவகாசமாக மிதிப்பார்.

அப்படியானால் மற்றவர்களிடம் கத்துவது போல இவரிடமும் கத்தித் தொலைக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். மாமியாரைப் போய் எப்படி? கல்யாணம் ஆன நாளிலிருந்து "ங்க" போடாமல் அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. வீட்டுக்குள் நுழையும்போது செருப்போடு சேர்த்து என் வாயையும் வாசலில் கழற்றி வைத்துவிடுபவள் நான். கத்த வேண்டியதையெல்லாம் விழுங்கிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, அவருக்கும் எனக்கும் எவ்வளவு இடைவெளி விட முடியுமோ அவ்வளவு விட்டு, கதவோடு கதவாக ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மிதியடியை மட்டும் விடாமல் மிதித்துக்கொண்டிருந்தேன். பாவம், அதில் ஓட்டை விழுந்துவிட்டது.

பாடம் ஆரம்பித்துச் சில நாளில் அலாரம் அடிக்க ஆரம்பித்தது. சாதாரணமாக அடிக்கவில்லை, என் கைப்பேசியும் மாமியார் கைப்பேசியும் ஒரே நேரத்தில் கூவின. ஐம்பத்தைந்து. அவர் நடுத்தெருவில் காரை நிறுத்திவிட்டார். (அதற்கு மட்டும் யாரும் மிதிக்கச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.) பையிலிருந்து பழச்சாறு எடுத்து, உறிஞ்சுகுழாயை என் வாயில் செருகி, "குடி, குடி, குடிச்சுட்டுப் பேசு" என்றார். குடித்தேன். சர்க்கரை இறங்கினால் என்னென்ன ஆகும் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். வியர்க்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், வாய் உலரும், பேச்சு வராது. அத்தனையும் எனக்கு இருந்தது. இறங்கித்தான் விட்டது போலிருக்கிறது என்று நானும் நம்பினேன். மாமியார் கார் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்தவர் யாராக இருந்தாலும் இதே ஐந்தும் இருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

குடித்த சாறு சும்மா இருக்குமா? வீடு திரும்புவதற்குள் அளவு இருநூறைத் தொட்டுவிடும். "கனிவான கவனத்திற்கு" என்று ஆரம்பிப்பார் மாமியார், ஆனால் அந்தக் குரலில் இப்போதெல்லாம் கலக்கம் இருந்தது. தினமும் சாயங்காலம் ஒரு பள்ளம், அதை ஒட்டி ஒரு மலை.

டாக்டரம்மா வீடியோவில் கூப்பிட்டார். கண்டிப்பானவர், அநாவசியமாகச் சிரிக்க மாட்டார். "மதிய இன்சுலினைக் குறைச்சும் சாயங்காலம் இறங்குது. அப்புறம் ஏறுது. ஏன்னு எனக்குப் புரியல. புரியாத விஷயத்தை நான் வீட்டுல விட மாட்டேன்" என்றார். "இந்த வாரமும் இப்படியே இருந்தா வார்டுல சேர்ந்துடுங்க. குழந்தை பிறக்கிற வரைக்கும் இங்கயே இருந்துடலாம்."

வார்டில் கட்டிலோடு கிடக்க வேண்டும், வண்டியைத் தொட முடியாது, துணைக்கு யாரும் இல்லை. அதைவிடப் பெரிய பயம் வேறு. இந்தப் பள்ளத்திலும் மலையிலும் உள்ளே இருக்கும் குழந்தையும் என்னோடு சேர்ந்து விழுந்து எழுந்துகொண்டிருக்கிறதே என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. சோறு இறங்காவிட்டால் அதற்கும் ஓர் அலாரம் அடித்தது.

இனிமேல் அலாரம் அடித்தால் சாறு குடிப்பதற்கு முன் விரலில் குத்தியும் பார்த்துவிடுங்கள் என்றாள் நர்ஸ். முதலிலேயே சொல்லியிருந்தாள்தான். மாமியாரின் உறிஞ்சுகுழாய் வேகத்துக்கு முன்னால் என் விரலால் நிற்க முடியவில்லை. அன்று சாயங்காலம் கூவியதும் அவர் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டு, விரலைக் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கருவியில் வைத்தேன். வில்லை ஐம்பத்திரண்டு என்றது. விரல் நூற்று மூன்று என்றது.

"ஒரே உடம்புல ரெண்டு சர்க்கரையா?" என்றார் மாமியார். உடனே நர்ஸைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"அக்கா, வில்லை ஒட்டின கை எது மேலயாவது அழுந்திட்டிருக்கா?" என்று கேட்டாள் நர்ஸ். "அந்தக் கையை அழுத்திப் படுத்துட்டா இப்படித்தான் பொய்யா இறங்கிக் காட்டும். படுத்திருக்கீங்களா?"

"இல்லம்மா, கார்ல உட்கார்ந்திருக்கேன்."

"கார்ல கை எதுக்கு அக்கா அழுந்தப் போகுது?"

நான் என் கையைப் பார்த்தேன். அது கதவுக்கும் எனக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டிருந்தது. கதவில் பதித்த கைப்பிடி சட்டைத் துணியோடு வில்லையின் மேலேயே ஏறி உட்கார்ந்திருந்தது. எல்லாம் ஒரு நொடியில் விளங்கிவிட்டது. பக்கத்தில் மாமியார், கவலையோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உங்கள் ஓட்டத்துக்குப் பயந்துதான் கதவில் ஒட்டிக்கொள்கிறேன் என்று எந்த மருமகளால் சொல்ல முடியும்?

"சீட்டு கொஞ்சம் சின்னது" என்றேன்.

மாமியார் மறுநாளே கடைக்குப் போய் ஒரு குஷன் வாங்கி வந்து, எனக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று கதவுக்கும் என் கைக்கும் நடுவில் செருகினார். இருந்த கொஞ்ச நஞ்ச இடமும் போயிற்று. அன்று நாற்பத்தெட்டு வரைக்கும் இறங்கியது, விரலைக் குத்துவதற்குள் உறிஞ்சுகுழாய் முந்திக்கொண்டது.

டாக்டரம்மா மறுபடியும் வீடியோவில் வந்தார். "ஒரு நாள் விரல்ல சரியா இருந்ததை மட்டும் வச்சு நான் விட முடியாது. திங்கக்கிழமை துணிமணி எடுத்துட்டு வந்துடுங்க."

அப்போது கூடத்தில் என் பக்கத்து நாற்காலியில்தான் மாமியார் இருந்தார். அவர் கண்ணில் நீர் கோர்த்துக்கொண்டது. "போறதுன்னா போகலாம். குழந்தைதான் முக்கியம்" என்று மெதுவாகச் சொல்லி என் முதுகைத் தடவினார். அந்தத் தடவலைத் தாங்க முடியாமல்தான் நான் உளறினேன்.

"டாக்டர், சர்க்கரை இறங்கல. கை அழுந்துது. நான் கதவோட ஒட்டிக்கறேன்."

"எதுக்கு ஒட்டிக்கறீங்க?"

"பயத்துல."

"கார் ஓட்டறது யாரு?"

டாக்டரம்மா திரையில் என்னைப் பார்த்தார், பிறகு என் பக்கத்தில் தெரிந்த பாதி முகத்தைப் பார்த்தார். முதல் தடவையாக அவர் உதடு லேசாக ஆடியது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அப்படியா. நம்பலாமா வேண்டாமான்னு பார்த்துடுவோம்" என்றார். புது வில்லையை மறு கையில் ஒட்டிக்கொள்ள வேண்டும். அதே நேரத்தில், அதே தெருவில், அதே ஆள் ஓட்டட்டும். எப்போதும் போலக் கதவோடு ஒட்டிக்கொள்ளலாம், வில்லை மட்டும் எதிலும் படக் கூடாது. நர்ஸ் அங்கிருந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். "அப்பவும் இறங்கினா அது நிஜம். நேரா வார்டுக்கு வந்துடணும். இறங்கலேன்னா வீட்டுலயே இருங்க."

திரை அணைந்தது. மாமியார் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார்.

"இவ்வளவு நாளா பயந்துக்கிட்டா உட்கார்ந்திருந்தே?"

"ஆமாங்க அத்தை."

"சீட்டு சின்னதுன்னே. நான் குஷன் வாங்கிட்டு வந்தேன்."

"ஆமாங்க."

"உன்கிட்ட படிக்கிற பொண்ணுங்களை நீ தெருமுனை வரைக்கும் கேக்கிற மாதிரி திட்டறியே, நானே கேட்டிருக்கேன். என்னை ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"அவங்க நீங்க இல்லையே அத்தை" என்றேன். வேறு என்ன சொல்வது? அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். கோபமாக இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை, அவர் வெட்கப்பட்டுக்கொண்டு போனார். அன்றைக்கும் மறுநாளும் வீட்டில் அறிவிப்பே இல்லை. என் சர்க்கரை ஏறியது, இறங்கியது, யாரும் எதுவும் சொல்லவில்லை. மாடி வீட்டுக்காரர் கவலைப்பட்டு வந்து, "எல்லாம் நல்லபடியாத்தானே இருக்கு?" என்று விசாரித்துவிட்டுப் போனார். இந்த அமைதிக்கு அந்தக் கூச்சலே தேவலை என்று எனக்கு இருந்தது.

குறித்த நாளில் மாமியாரே சாவியை எடுத்துக்கொண்டு வந்தார். "வா. பரீட்சை எனக்கில்ல, உனக்கு. அதுக்காகத்தான் வரேன். இன்னிக்கு ஓட்டிக் கொடுத்துட்டு அப்புறம் இந்த ஸ்டியரிங்கைத் தொட மாட்டேன்" என்றார். காரில் ஏறி முதுகை நிமிர்த்தினார், ஆனால் வண்டி புறப்படத் தயாராக உள்ளது என்று சொல்லவில்லை. நர்ஸை ஸ்பீக்கரில் போட்டு முன்னால் வைத்தேன். புது வில்லை மாமியார் பக்கத்துக் கையில் இருந்தது. அந்தக் கையை மடியில் தனியாக, யாரிடமிருந்தோ இரவல் வாங்கின மாதிரி பத்திரமாக வைத்துக்கொண்டேன். மறு கை வழக்கம் போலக் கதவில்.

"தொண்ணூத்தி எட்டு. நேரா இருக்கு அக்கா" என்றாள் நர்ஸ்.

மாமியார் மெதுவாக ஓட்டினார். முதல் திருப்பத்தைக் கடந்தோம். பயந்து பயந்து ஓட்டினார், அதனால் இன்னும் மோசமாக ஓட்டினார். தைரியமாக ஓட்டும் மாமியாரைவிடப் பயந்து ஓட்டும் மாமியார் ஆபத்து என்று தெரிந்துகொண்டேன். ஒரு சைக்கிள்காரர் எங்களைத் திட்டிவிட்டுப் போனார். ஆனால் வில்லை மட்டும் எதற்கும் அசையவில்லை. "தொண்ணூத்தி ஆறு. நல்லா இருக்கு. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துடலாம்" என்றாள் நர்ஸ்.

கிடங்குத் தெருவில் நுழைந்தோம். ஒரு வாசலிலிருந்து லாரி ஒன்று பின்பக்கமாக வெளியே வந்தது. ஓட்டுகிறவன் எங்களைப் பார்க்கவில்லை. மாமியாரும் லாரியைப் பார்க்கவில்லை, அவர் கண் என் மடியிலிருந்த கையின் மேல் இருந்தது, வில்லை எதிலாவது பட்டுவிடுமோ என்று. லாரியின் பின்பலகை கண்ணாடி நிறைய வந்துவிட்டது. "அத்தை" என்று ஆரம்பித்தால் போதாது, "மிதிங்க" என்றாலும் போதாது. வயிற்றுக்குள் இருக்கிற ஜீவன் உட்பட மூன்று பேரும் போய்விடுவோம்.

"மிதிடீ!"

கார் அப்படியே ஆணி அடித்த மாதிரி நின்றது. இந்த மாதிரி ஒரு பிரேக்கை என்னிடம் படித்தவர்கள் யாரும் போட்டதில்லை. லாரிக்கும் எங்களுக்கும் நடுவில் ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையலாம், அவ்வளவுதான். லாரி நிதானமாகத் திரும்பி, எங்களைப் பார்க்காமலேயே போய்விட்டது.

"அக்கா? அக்கா, என்ன சத்தம் அது?" என்றாள் நர்ஸ்.

"ஒண்ணுமில்ல. நின்னுட்டோம்."

"ஓரமா நிறுத்திக்கோங்க. இப்ப நடந்தது எனக்கு இங்க தெரிய கொஞ்ச நேரம் பிடிக்கும்."

மாமியார் காரை ஓரம் கட்டினார். இண்டிகேட்டர் போட்டுத்தான் கட்டினார். எனக்கு வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, நெஞ்சு அடித்துக்கொண்டது, வாய் உலர்ந்துபோயிற்று. டீ என்று சொல்லிவிட்டேன். மாமியாரை. இந்த வயதில். மருத்துவமனையில் ஒருத்தி கேட்டுக்கொண்டிருக்கும்போது. வார்டுக்கே போய்விடலாம் போலிருந்தது.

அவர் ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கையையும் வைத்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கம்மா போனதுக்கப்புறம் என்னை யாரும் டி போட்டுக் கூப்பிட்டதில்ல" என்றார். அது அறிவிப்புக் குரல் இல்லை. சின்னதாக, கொஞ்சம் கரகரப்பாக இருந்தது. இத்தனை வருஷத்தில் நான் கேட்டே இராத குரல். "ஸ்டேஷன்ல மேடம். தெருவுல அம்மா. வீட்டுல அத்தை, சம்பந்தி. எல்லாரும் மரியாதையாத்தான் கூப்பிடறாங்க. ஒருத்தர்கூட என்னை அதட்டறதில்ல. தப்பா ஓட்டினாலும் அதட்டறதில்ல. இன்னிக்குத்தான்…" மேலே சொல்லாமல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பாதி பயத்தில் வந்தது. மீதி ஏன் வந்தது என்றும் தெரியும். இந்த மனுஷியை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது, இத்தனை நாள் மரியாதை கொடுத்துக் கொடுத்தே அவரைத் தள்ளி உட்கார வைத்திருந்தேன்.

கைப்பேசி செருமியது. நர்ஸும் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "அக்கா, தொண்ணூத்தி ஏழு. கோடு ஆடவே இல்ல. அவ்வளவு நடந்தும் ஆடல. டாக்டர் பக்கத்துலதான் நிக்கறாங்க, வீட்டுலயே இருக்கட்டும்னு சொல்லிட்டாங்க. ஆனா அந்தம்மா ஓட்டறதை விட்டுடக் கூடாதாம். பிரேக் நல்லா போடறாங்களாம்."

தொடர்பை அணைத்தேன். மாமியார் மூக்கைச் சிந்திக்கொண்டு சாவியைத் திருகினார்.

"மன்னிச்சிடுங்க அத்தை. வாய் தவறி வந்துடுச்சு…"

"அதை வீட்டுல போய் வச்சுக்கலாம். இப்ப எந்தப் பக்கம் திருப்பணும், அதைச் சொல்லு."

"இடது பக்கம் திருப்புங்…"

"ங்க வேண்டாம்."

"திருப்பு" என்றேன்.

திருப்பினார்.